இடுப்புக்கு வராத கயிறு

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 8 அன்று எங்கள் கல்லூரிக் கலையரங்கத்துக்கு யாராவது ஒருவர் வந்து, மாணவிகளைப் பயத்தை விட்டுவிடச் சொல்கிறார். ஓராண்டு காவல்துறை அதிகாரி, ஓராண்டு வங்கி மேலாளர், ஒருமுறை நகைக்கடை உரிமையாளர். பேச்சு மட்டும் மாறுவதில்லை. பெண்களிடம் எல்லாத் திறமையும் இருக்கிறது, பயம் ஒன்றுதான் தடை, அதை உதறிவிட்டால் வானம் வசப்படும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். கூட்டம் முடிந்ததும் ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள். அதை விட்டால் அடுத்த பேருந்து ஏழரைக்கு. நிறுத்தத்தில் விளக்கு கிடையாது.

பதினெட்டு ஆண்டுகளாக நானும் அந்த மேடையில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன். இனித் தட்டுவதாக இல்லை. விளக்கில்லாத நிறுத்தத்தில் பயப்படும் பெண்ணுக்குப் புத்தி சரியாக வேலை செய்கிறது. அவளிடம் குறை காண்பவர்கள் அந்த விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் பெண்ணியக் கோட்பாட்டு நூலும் அல்ல. நாற்பத்து நான்காம் வயதில், ஒரு பாறையின் உச்சியில், கால் நடுங்க நின்றபோது என் இடுப்பில் கட்டப்பட்டிருந்த கயிறுதான் கற்றுக்கொடுத்தது.

முதல் கயிற்றிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் தர்மபுரிப் பக்கம். தோட்டத்துக் கிணறு நாற்பதடி இருக்கும். கோடை விடுமுறை என்றால் ஊர்ப் பையன்கள் எல்லோரும் அதில்தான் கிடப்பார்கள். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஏழு. மாமா அவன் முதுகில் சுரைக்குடுக்கையும் இடுப்பில் கயிறும் கட்டித் தண்ணீரில் இறக்கினார். மூன்று நாள் ஊரே கேட்கும்படி அலறினான். நான்காம் நாள் மாமா கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினார். ஒரு வாரத்தில் நீந்தினான். விடுமுறை முடிவதற்குள் மேட்டிலிருந்து குதித்தான்.

அந்த மேட்டின் விளிம்பில் நின்று நான் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ஆயா எங்கிருந்தோ ஓடிவந்து காதைத் திருகி இழுத்துக்கொண்டு போனார். "பொட்டப்புள்ளைக்கு அங்க என்னடி வேல? கை காலு போச்சுன்னா எவன்டி கட்டுவான்?"

தம்பி தைரியசாலி, அக்கா பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் பெயர் நிலைத்துவிட்டது. இன்றுவரை பண்டிகைக்குக் கூடினால் தம்பி குதித்த கதையைச் சொல்வார்கள். அவன் மூன்று நாள் அலறியதை யாரும் சொல்வதில்லை. இடுப்பில் இருந்த கயிற்றையும் அதன் மறுமுனையைப் பிடித்திருந்த மாமாவையும் யாரும் சொல்வதில்லை. அவனுக்குக் கயிறு கொடுத்தார்கள், எனக்குக் காதைத் திருகினார்கள். பிறகு இருவரின் இயல்பும் அப்படித்தான் என்றார்கள்.

எனக்குள் இறங்கிய பயம் என்னோடு வளர்ந்தது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் துணி உலர்த்த மாட்டேன். ஏற்காட்டு மலைப்பாதையில் ஜன்னலோர இருக்கை என்றால் கண்ணை மூடிக்கொள்வேன். உயரத்தில் தலை சுற்றுவதற்கு உடல்சார்ந்த காரணமும் உண்டு. கண், உட்காது, பாதம் மூன்றும் சேர்ந்துதான் நம்மை நேராக நிறுத்துகின்றன. விளிம்பில் நிற்கும்போது கண்ணுக்குப் பக்கத்தில் பற்றிக்கொள்ள அசையாத பொருள் எதுவும் இருப்பதில்லை. உடலின் ஆட்டத்தைக் கண்ணால் கணிக்க முடியாமல் போகிறது, ஆட்டம் கூடுகிறது. இது ஆணுக்கும் நடக்கிறது, பெண்ணுக்கும் நடக்கிறது. அந்த ஆட்டத்தோடு என்ன செய்வது என்பதை ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், இன்னொருவரை வீட்டுக்குள் இழுத்துப் போகிறோம்.

எவ்வளவு சீக்கிரம் இழுத்துப் போகத் தொடங்குகிறோம் தெரியுமா? கேரன் அடால்ஃப் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பதினோரு மாதக் குழந்தைகள் தவழ்ந்து இறங்க ஒரு சரிவுப் பலகை. எவ்வளவு சரிவுவரை தங்கள் குழந்தை இறங்கும் என்று தாய்மார்களை முன்கூட்டியே கணிக்கச் சொன்னார்கள். ஆண்குழந்தையின் தாய்மார்கள் உள்ளதைவிடக் கூட்டிச் சொன்னார்கள். பெண்குழந்தையின் தாய்மார்கள் குறைத்துச் சொன்னார்கள். பிறகு குழந்தைகளை இறங்கவிட்டார்கள். ஆண், பெண் குழந்தைகளுக்குள் திறமையில் வேறுபாடு இல்லை. பேசவும் தெரியாத வயதிலேயே அவளுடைய சரிவை நாம் குறைத்து அளந்துவிடுகிறோம். அளப்பது தாய். அதுதான் எனக்கு வலிக்கிறது.

தமிழ் படித்தவளாக நான் இன்னும் பழைய ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். தொல்காப்பியம் ஆணுக்குப் பெருமையையும் வலிமையையும் வைக்கிறது. அடுத்தபடியாகப் பெண்ணுக்கு அச்சம், நாணம், மடம் மூன்றையும் வைக்கிறது. பயிர்ப்பு பின்னால் வந்து சேர்ந்து நான்காயிற்று. இந்த நூற்பாவை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். அச்சத்தைப் பெண்ணின் இலக்கணமாகத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் போடுகிறேன். அதே பிள்ளையிடம் மார்ச் 8 அன்று அச்சத்தை விட்டுவிடு என்று சொல்பவருக்குப் பொன்னாடை போர்த்துகிறேன். அச்சம் இருந்தால் குணவதி, அச்சம் இருப்பதால் கோழை. இரண்டு தேர்விலும் அவள்தான் தோற்க வேண்டும் என்றால், வினாத்தாள் எடுத்தவர்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

அந்த வினாத்தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. 2012இல் கல்லூரியில் இரண்டு நாள் பாறையேற்ற முகாம் ஒன்று ஏற்பாடானது. மாணவிகள் பதினான்கு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பெண் பேராசிரியர் ஒருவர் உடன் சென்றால்தான் மாணவிகளுக்கு அனுமதி. முதல்வர் என்னைக் கேட்டார். எனக்கு உயரம் என்றால் பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னது இதுதான்: "பொண்ணுங்களுக்கு இதெல்லாம் தேவையா சார்? ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" ஆயா சொன்னதைத்தான் முனைவர் பட்டத்தோடு சொன்னேன். பதினான்கு பெயரும் அடிக்கப்பட்டன. பையன்கள் போய்வந்தார்கள்.

இரண்டாமாண்டு தமிழ் மாணவி ஒருத்தி துறை அறைக்கு வந்தாள். "ஏம்மா வரமாட்டேன்னுட்டீங்க?" என்றாள். "உன் நல்லதுக்குத்தான்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தத் தலையாட்டலை நான் மறக்கவில்லை.

பல ஆண்டு கழித்து, நூலகத்தில் மேல்தட்டு நூல் ஒன்றை எடுக்க ஏணியில் ஏறப் பயந்து, பக்கத்தில் நின்ற முதலாமாண்டு மாணவியை ஏறச் சொன்னேன். "எனக்கும் பயம்மா" என்றாள். இருவரும் கீழே நின்று உதவியாளர் அண்ணன் வரும்வரை காத்திருந்தோம். ஏழு படி ஏணி அது. அன்று இரவுதான் பெண்களுக்கான பாறையேற்றப் பயிற்சி ஒன்றுக்குப் பெயர் கொடுத்தேன்.

இடம் ராமநகரம். பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் 50 கிலோமீட்டர். 'ஷோலே' படம் எடுத்த பாறைகள் என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் படத்தில் பாறைக்கூட்டத்தில் ஆண்கள் துப்பாக்கியோடு நிற்பார்கள், நடுவே ஒரு பெண் கண்ணாடிச் சில்லுகள்மேல் ஆடுவாள். அந்த நிலத்துக்குப் பதினொரு பெண்கள் போனோம். பயிற்சியாளரும் பெண், முப்பது வயதுக்கு மேல் இருக்கும், கன்னடம் கலந்த தமிழ் பேசினார். நான் அவரிடம் முதலில் சொன்னது, "மேடம், எனக்கு ரொம்பப் பயம்." மார்ச் 8 பேச்சை எதிர்பார்த்தேன். அவர் சொன்னது, "நல்லது மேடம். பயப்படறவங்கதான் முடிச்ச ரெண்டு தடவ பாப்பாங்க."

முதல் நாள் முழுக்கத் தரையில்தான். ராப்பெல்லிங் என்றால் கயிற்றில் சறுக்கி இறங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். இறங்குவது கடைசி வேலை. முதல் வேலை ஆங்கர். அகராதியில் நங்கூரம் என்று இருக்கும். எனக்குப் பிடிமானம் என்ற சொல்தான் சரியாகப் படுகிறது. கயிற்றைப் பாறையோடு, மரத்தோடு, பாறையில் அடித்த போல்ட்டோடு பிணைக்கும் ஏற்பாடு அது. அதற்கு நான்கு விதி. பிடிக்கும் ஒவ்வொரு புள்ளியும் உறுதியாக இருக்க வேண்டும். ஒரே புள்ளியை நம்பக் கூடாது, இரண்டு அல்லது மூன்று வேண்டும். எடை எல்லாப் புள்ளிக்கும் பங்காக வேண்டும். ஒன்று அறுந்தாலும் கயிறு திடீரென்று கீழே சரியாமல் மற்றவை அப்படியே தாங்க வேண்டும்.

அவர் இதைச் சொல்லச் சொல்ல என் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். இரண்டாவது விதியில் பேனா நின்றுவிட்டது.

ஒரே புள்ளியை நம்பக் கூடாது. நமக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? சின்ன வயதில் அப்பா, பிறகு கணவன், பிறகு மகன். ஒவ்வொரு பருவத்திலும் ஒரே புள்ளி. அந்தப் புள்ளி குடிக்கலாம், அடிக்கலாம், கடன் வாங்கிக்கொண்டு ஓடலாம், நாற்பது வயதில் செத்தும் போகலாம். அதை அசைத்துப் பார்க்கவோ உறுதியைச் சோதிக்கவோ நமக்கு அனுமதி இல்லை. பக்கத்தில் இன்னொரு புள்ளியாகச் சம்பளம், சொத்தில் பங்கு, தோழிகள், சங்கம் என்று எதையாவது பிணைத்துக்கொண்டால், குடும்பத்துக்கு அடங்காதவள் என்ற பெயர் வருகிறது. ராமநகரத்தில் எந்தப் பயிற்சியாளரும் ஒற்றைப் புள்ளியில் ஒரு மனித உடலைத் தொங்கவிட மாட்டார். நம் ஊரில் அதற்குப் பந்தல் போட்டு, மேளம் கொட்டி, மொய் எழுதுகிறோம். பெண்ணின் கழுத்துக்கு வரத் தெரிந்த கயிறு அவள் இடுப்புக்கு வரவே இல்லை.

மூன்றாவது விதிக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு புள்ளியிலிருந்து வரும் பட்டைகள் நடுவில் சேரும் கோணத்தைப் பொறுத்தது அது. கோணம் குறுகலாக இருந்தால் ஆளுக்குப் பாதி எடை. 60 பாகையில் ஒவ்வொன்றும் 58 விழுக்காடு தாங்குகிறது. 90 பாகையில் 71. 120 பாகை ஆனால் ஒவ்வொரு பக்கமும் முழு 100 விழுக்காட்டைத் தாங்குகிறது. பார்ப்பதற்கு இருவர் பகிர்ந்து தூக்குவதுபோலத்தான் இருக்கும். பகிர்வு எதுவும் நடக்கவில்லை. வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றி, வீட்டையும் அலுவலகத்தையும் அழகாகச் சமாளிக்கிறாள் என்று பாராட்டும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த 120 பாகை ஞாபகம் வருகிறது. இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் முழு எடை.

கேரபினர் என்னும் கொக்கி வளையத்தைப் பற்றியும் சொன்னார். நீளவாக்கில் இழுத்தால் 20 கிலோநியூட்டனுக்கு மேல், ஏறக்குறைய இரண்டு டன் தாங்கும். அதே வளையத்தைக் குறுக்கே இழுத்தால் அதில் பாதிகூடத் தாங்காது. உலோகத்தில் குறை இல்லை, மாட்டிய விதத்தில் இருக்கிறது. இவளால் முடியவில்லை என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லுமுன் எந்தப் பக்கமாக இழுத்தீர்கள் என்று கேளுங்கள்.

இரண்டாம் நாள் காலை விளிம்பு. அறுபதடிப் பாறை. கிளம்புமுன் ஒரு விதி: துப்பட்டா கூடாது, தளர்ந்த சட்டை கூடாது, கூந்தலை இறுக்கிக் கட்டி ஹெல்மெட்டுக்குள் போட வேண்டும். கயிறு ஓடும் எட்டு வடிவ வளையத்துக்குள் துணியோ முடியோ சிக்கினால் நடுப்பாறையில் மாட்டிக்கொள்வோம். நான் துப்பட்டாவை மடித்துப் பைக்குள் வைத்தேன். முப்பது ஆண்டுகளாக என் பாதுகாப்பு என்று சொல்லப்பட்ட துணி அங்கே ஆபத்துப் பட்டியலில் முதலில் இருந்தது.

முடிச்சை நான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெண் பார்த்தாள். பயிற்சியாளர் பார்த்தார். கொக்கியின் திருகு பூட்டியிருக்கிறதா என்று மூவரும் அழுத்திப் பார்த்தோம். என் எடையைத் தாங்க ஒரு கயிறு, அது தவறினால் பிடிக்க இன்னொரு கயிறு. பிறகு பின்னோக்கி நடக்கச் சொன்னார். விளிம்புக்கு முதுகைக் காட்டி, நாற்காலியில் உட்காருவதுபோல இடுப்பைக் காற்றில் சாய்க்க வேண்டும். நேராக நின்றால் கால் வழுக்கும். எடையைக் கயிற்றுக்குக் கொடுத்தால்தான் பாதம் பாறையைப் பற்றும்.

என்னால் கொடுக்க முடியவில்லை. பத்து நிமிடம் நின்றேன். தொடை நடுங்கியது, வாய் உலர்ந்தது, அழுதேன். கீழே இருந்த யாரும் தைரியம் சொல்லவில்லை. பயிற்சியாளர் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஆங்கரப் பாருங்க மேடம். நீங்க கட்டினது." பார்த்தேன். மூன்று புள்ளி. கோணம் குறுகல். முதல் நாள் சாயங்காலம் நான் ஆறுமுறை அவிழ்த்துக் கட்டியது. இடுப்பைச் சாய்த்தேன்.

பயம் போய்விட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போகவில்லை. அறுபதடியும் பயந்துகொண்டேதான் இறங்கினேன். வலது கையைக் கயிற்றிலிருந்து ஒரு கணமும் எடுக்காமல் இருந்ததற்குக் காரணமே பயம்தான். கையை எடுத்தால் கயிறு ஓடிவிடும். பயம் இருக்கும்போதே செய்ய முடிந்தது, ஏனென்றால் கீழே விழமாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

லின் ஹில் என்ற அமெரிக்கப் பாறையேற்ற வீராங்கனை 1989இல் பிரான்ஸில் ஏறியபோது, கயிற்றின் முடிச்சை முடிக்க மறந்துவிட்டார். உச்சியில் கயிற்றில் சாய்ந்தார், இருபது மீட்டருக்கும் மேல் விழுந்தார். உலகின் தலைசிறந்த வீரர்களில் ஒருவரான அவரிடம் துணிச்சலுக்குக் குறைவா? துணிச்சல் முடிச்சு வேலையைச் செய்யாது. உயிர்பிழைத்த அவர் 1993இல் எல் கேப்பிடன் பாறையின் 'நோஸ்' வழியை, கயிற்றைப் பாதுகாப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கைகால் பலத்தால் ஏறி முடித்தார். அதுவரை எந்த ஆணும் அதைச் செய்திருக்கவில்லை.

ஜுன்கோ தபே 1969இல் ஜப்பானில் பெண்களுக்கென்று மலையேற்றச் சங்கம் தொடங்கினார். எவரெஸ்ட் பயணத்துக்குப் பணம் கேட்டுப் போனபோது வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்கச் சொன்னார்கள். பழைய கார் இருக்கை உறைகளை வெட்டிக் கையுறை தைத்துக்கொண்டு போனார்கள் அந்தப் பெண்கள். 1975இல் அவர் எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் பெண்ணானார். வீரமங்கை என்று நாம் தனியாகப் படம் மாட்டுகிறோம். அவர் முதலில் கட்டியது சங்கம், அதாவது ஆங்கர்.

ஒரு தோழி என்னிடம் சண்டை பிடித்தாள். மாதச் சம்பளக்காரியின் வார இறுதிப் பொழுதுபோக்கைப் பெண் விடுதலை ஆக்காதே என்றாள். அவள் கோபத்தில் பாதி நியாயம். எங்கள் கல்லூரியில் புதுக் கட்டடம் எழும்பியபோது, சித்தாள் பெண்கள் தலையில் சாந்துச் சட்டியோடு மூன்றாம் மாடிவரை சாரத்தில் ஏறினார்கள். கயிறு இல்லை, ஹெல்மெட் இல்லை, காலில் செருப்புகூட இல்லை. சேலைக்கு மேல் ஆண் சட்டை. அதைச் சாகசம் என்று யாரும் சொல்லவில்லை, சான்றிதழ் தரவில்லை. கொத்தனாரைவிடக் குறைந்த கூலி தந்தார்கள். துணிச்சல்தான் விடுதலை என்றால் இந்நேரம் அந்தப் பெண்கள் நாட்டை ஆண்டிருக்க வேண்டும்.

தோழிக்கு என் பதில் இதுதான். என் இடுப்புக்கு வந்த கயிறு அந்தச் சித்தாளின் இடுப்புக்கும் வர வேண்டும் என்பதுதான் நான் பேசும் அரசியல். பணம் கட்டிய எனக்கு மூன்று புள்ளி, கூலிக்கு ஏறும் அவளுக்கு ஒன்றுகூட இல்லை என்பது இயற்கையின் ஏற்பாடு அல்ல. ஒப்பந்தக்காரரின் கணக்கு. அவளுக்குத் துணிச்சல் பாடம் எடுக்கத் தேவையில்லை. பாதுகாப்புப் பட்டை கொடுக்க வேண்டும், கொடுக்காதவனைக் கேள்வி கேட்க வேண்டும்.

ஆகவே மாணவிகளே, அடுத்தமுறை யாராவது மேடையேறிப் பயத்தை விடச் சொன்னால் கைதூக்கிக் கேளுங்கள். எங்கள் ஆங்கர் எங்கே? எத்தனை புள்ளி? இரவுப் பேருந்து, விடுதி, உதவித்தொகை, புகார் கொடுத்தால் விசாரிக்கும் குழு, சொத்தில் பங்கு, இவற்றில் எது உறுதியாக இருக்கிறது, எது ஆடுகிறது? கட்டியவர் யாராக இருந்தாலும் முடிச்சை நாங்களே பார்க்கலாமா?

ராமநகரத்திலிருந்து திரும்பிய வாரம், 2012இல் துறை அறைக்கு வந்த அந்த மாணவியின் எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினேன். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், தனியார் பள்ளி ஆசிரியை. நடந்ததைச் சொன்னேன். உன் நல்லதுக்கு இல்லை, என் பயத்துக்காகத்தான் மறுத்தேன் என்றேன். "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேம்மா" என்றாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஆனா போயிருந்தா நல்லா இருந்திருக்கும்மா" என்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த ஆண்டு மறுபடி முகாம் அறிவிப்பு வந்திருக்கிறது. உடன் செல்லும் ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். ஒன்பது மாணவிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எட்டு வீட்டில் கையெழுத்து ஆகிவிட்டது. ஒன்பதாவது பெண்ணின் அப்பா தொலைபேசியில் கேட்டார்: "ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு மேடம் பொறுப்பு?" நான் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் கேட்ட அதே கேள்வி. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்வி, பதில் சொல்லக் கற்றுக்கொள்ளாமல் கேட்டதுதான் என் தவறு. "நான் பொறுப்புங்க. கயிறு எப்படிக் கட்டுவோம்னு வந்து காட்டறேன்" என்றேன். "வாங்க பாக்கலாம்" என்றார்.

முகாமுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்குப் போகிறேன். பையில் ஒரு கயிறும் மூன்று பட்டையும் நான்கு கேரபினரும் எடுத்து வைத்திருக்கிறேன். அவர் வீட்டு வாசலில் ஒரு புளியமரம் இருக்கிறதாம். அந்தப் பெண்ணையே கட்டச் சொல்லப் போகிறேன். அப்பா தொங்கிப் பார்க்கட்டும்.